மோட்ஸார்ட்டுக்குப் பிடிக்காத குழலை நாம் ஏன் கேட்க வேண்டும்?

உங்கள் கேள்வியைப் படித்ததும் அதில் மூன்று கேள்விகள் கலந்து கிடப்பது தெரிந்தது. முதன்முறையாக ஒரு சேம்பர் இசைக் கச்சேரிக்கு, அதாவது ஒரு சிலரே சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசைக் கச்சேரிக்குப் போகிறீர்கள். நிரலில் பாக்கின் ட்ரையோ சொனாட்டா, மோட்ஸார்ட்டின் டி மேஜர் குவார்ட்டெட் (நால்வர் வாசிக்கும் உருப்படி), இடைவேளைக்குப் பிறகு டெபுஸியின் சொனாட்டா. மூன்றிலும் புல்லாங்குழல் உண்டு. “மோட்ஸார்ட்டுக்குப் புல்லாங்குழலே பிடிக்காதாமே, வேண்டாவெறுப்பாக எழுதியதைக் காசு கொடுத்துக் கேட்க வேண்டுமா? நாலு பேர் ஒரே நேரத்தில் வாசிக்கும்போது யாரைக் கவனிப்பது? எப்போது கைதட்டுவது?” என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு அடியில் நீங்கள் நேரடியாகக் கேட்காத ஒன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: குழல்தான் முதன்மை, மற்றவர்கள் பக்கவாத்தியம் என்று வைத்துக்கொண்டு கேட்டால் போதுமா? போதாது. மூன்று உருப்படிகளிலும் சேர்த்து ஒரே ஓர் இடத்தில்தான் அந்தக் கணக்கு முழுதாகச் சரிவரும். அது மோட்ஸார்ட்டில் வருகிறது. மூன்று நிமிடம்கூட இருக்காது.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குழல் வாசிக்கிறேன், அதிலும் பெரும்பாலும் மூன்று பேர், நான்கு பேர் கொண்ட சிறு குழுக்களில்தான். வரலாற்று ஆய்வாளன் இல்லை. டெபுஸியில் வரும் ஹார்ப் (விரலால் சுண்டி வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்ததில் தெரிந்துகொண்டது. பழைய காலத்து மரக்குழலை வீட்டில் வாசித்துப் பார்த்திருக்கிறேன், மேடையில் துணிந்ததில்லை.

முதலில் மோட்ஸார்ட் விவகாரம். உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு. 1777இன் கடைசி மாதங்களில், 21 வயதில், வேலை தேடி அவர் மன்ஹைம் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே அரசவைக் குழல் கலைஞராக இருந்த யோஹான் பாப்டிஸ்ட் வென்ட்லிங் மூலமாக ஒரு வேலை கிடைத்தது. கொடுத்தவர் ஃபெர்டினான்ட் டிஜான். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்து திரும்பியவர், ஆசைக்குக் குழல் வாசிப்பவர். சிறிய, எளிய கன்செர்ட்டோ (ஒரு வாத்தியம் முன்னிற்க, இசைக்குழு துணை வரும் உருப்படி) மூன்றும் குவார்ட்டெட் ஒன்றிரண்டும் எழுதித் தந்தால் 200 குல்டன் (அந்தக் காலப் பணம்) என்று பேச்சு. நீங்கள் கேட்கப்போகும் டி மேஜர் குவார்ட்டெட்டின் கையெழுத்துப் பிரதியில் 1777 டிசம்பர் 25 என்று தேதி இருக்கிறது. ஆக, ஆரம்பம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிப்ரவரி வந்தபோது வேலை முடியவில்லை, கைக்கு வந்தது 96 குல்டன்தான். 1778 பிப்ரவரி 14 அன்று அப்பா லியோபோல்டுக்கு எழுதிய கடிதத்தில், தனக்குச் சகிக்காத ஒரு வாத்தியத்துக்கே தொடர்ந்து எழுத வேண்டியிருந்தால் மனம் மரத்துப்போகிறது என்ற பொருளில் ஒரு வாக்கியம் வருகிறது. உங்கள் காதுக்கு வந்த செய்திக்கு மூலம் இந்த ஒரு வாக்கியம்தான்.

அதை அவர் எழுதினார் என்பதில் சந்தேகமில்லை. அதை எவ்வளவு தூரம் நம்புவது என்பதில்தான் சந்தேகம். எழுதுவது அப்பாவிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டிய மகன். ஒப்புக்கொண்ட வேலை பாக்கி, பணம் பாதிக்கும் குறைவு, போதாததற்கு அந்த ஊரிலேயே அலோய்ஸியா வேபர் என்ற இளம் பாடகியிடம் மனத்தைப் பறிகொடுத்திருந்தார். வீட்டுப்பாடம் எழுதாத பையன் பேனாவில் மை இறங்கவில்லை என்று சொன்னால் நாம் பேனாவையா குறை சொல்வோம்? கொடுத்த கன்செர்ட்டோக்களில் ஒன்று, ஓபோவுக்காக (நாணல் வைத்து ஊதும் வாத்தியம்) அவரே முன்பு எழுதியதை ஒரு படி மேலே ஏற்றிக் கொடுத்தது. சோம்பல் இருந்தது என்று சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அதே 1778இல் பாரிஸுக்குப் போய்க் குழலுக்கும் ஹார்ப்புக்குமாகச் சேர்த்து ஒரு கன்செர்ட்டோ எழுதினார். பின்னாளில் தன் பியானோ கன்செர்ட்டோக்களில் குழலுக்குக் கொடுத்த இடங்களைக் கேட்டால், வெறுப்பவன் கை இப்படி எழுதாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் பெயரில் வாசிக்கப்படும் நான்கு குழல் குவார்ட்டெட்டுகளில் ஜி மேஜர், சி மேஜர் இரண்டையும் முழுக்க அவரே எழுதினாரா என்று அறிஞர்களுக்குச் சந்தேகம் உண்டு. உங்கள் நிரலில் இருப்பது அந்தச் சந்தேகம் இல்லாதது, நான்கிலும் சிறந்ததும் அதுதான்.

அந்தக் காலத்து வாத்தியத்தின் மேல் அவருக்கு நியாயமான குறை ஒன்று இருந்திருக்கலாம். இது என் ஊகம், ஆனால் அந்த மரக்குழலை ஊதிப் பார்த்துவிட்டுச் சொல்கிற ஊகம். அதில் ஆறு துளைகள், சுண்டுவிரலுக்கு ஒரே ஒரு விசை. ஆறையும் மூடினால் டி என்ற சுரம். கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தால் டி மேஜர் ஸ்கேல், அதாவது டியில் தொடங்கும் சுர வரிசை, ஏறக்குறையத் தானாகவே வந்து நிற்கும். குழலுக்கு எழுதிய பழைய உருப்படிகளில் பாதி ஏன் டி மேஜரில் இருக்கின்றன என்று வியக்க வேண்டியதில்லை; குழலுக்கு அதுதான் பிறந்த வீடு. அந்த ஸ்கேலுக்கு வெளியே இருக்கும் சுரம் வேண்டுமென்றால் ஒரு துளையைத் திறந்துவிட்டு அதற்குக் கீழே உள்ளவற்றை மூட வேண்டும். அப்படி வரும் சுரங்கள் ஜலதோஷம் பிடித்த குரல் மாதிரி கம்மி ஒலிக்கும், சுருதியும் லேசில் நிற்காது. அந்தக் குழலில் ஏ ஃப்ளாட்டைச் சரியாகப் பிடிக்க ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். பக்கத்து அறைக்காரர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார். இன்று மேடையில் நீங்கள் பார்க்கப்போகும் உலோகக் குழல், தியோபால்ட் பேம் என்ற குழல் செய்பவர் 1832இலும் 1847இலும் செய்த மாற்றங்களின் வழியாக வந்தது. அதில் எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே பலத்தோடு பேசும். (அது வெள்ளியா தங்கமா என்பதில் மனத்தைச் செலவிட வேண்டாம். 1971இல் ஜான் கோல்ட்மன் என்ற இயற்பியலாளர் வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் ஒரே அளவில் குழல் செய்து வாசிக்க வைத்தபோது, பார்க்காமல் கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வாசிப்பவர்கள் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. என் காது கோல்ட்மன் பக்கம், என் விரல்கள் எதிர்ப்பக்கம்.)

இந்த டி மேஜர் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு முதல் உருப்படிக்கு வாருங்கள். பாக்கின் ட்ரையோ சொனாட்டா சி மைனரில் இருக்கிறது, அதன் சுரங்களில் பல டி மேஜருக்கு வெளியே நிற்பவை, அந்தப் பழைய குழலுக்கு அதுவே புகுந்த வீட்டுக் கொடுமை. கதை தெரிந்ததுதான்: 1747 மே மாதம் பாக் போட்ஸ்டாம் அரண்மனைக்குப் போனார். பிரஷ்ய மன்னர் ஃபிரெடரிக் குழல் வாசிப்பவர். குருவாக க்வான்ட்ஸ் என்ற பெரிய குழல் கலைஞரையே சம்பளத்துக்கு வைத்துக்கொண்டவர். பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் எமானுவேல் அந்த அவையில்தான் ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியம்) வாசித்தார். மன்னர் ஒரு மெட்டைக் கொடுத்து, இதை வைத்து அங்கேயே ஒரு ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னுவது) வாசிக்கச் சொன்னார். பாக் வாசித்தார். ஊர் திரும்பி, அதே மெட்டிலிருந்து ஒரு தொகுப்பையே செய்து, ஜூலை 7 தேதியிட்ட சமர்ப்பணத்தோடு அனுப்பிவைத்தார். அந்தத் தொகுப்பில் இருப்பதுதான் இந்தச் சொனாட்டா. குழல் மன்னருக்குக் குழலால் கடிக்க முடியாத ஒரு உருண்டையை உருட்டிக் கொடுத்தாரா என்பது எங்களைப் போன்றவர்கள் சொல்லிச் சிரிக்கும் விஷயம். அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெயர் ட்ரையோ, மேடையில் நான்கு பேர். குழப்பிக்கொள்ள வேண்டாம், மூன்று என்பது குரல்களின் கணக்கு. குழல் ஒன்று, வயலின் ஒன்று, அடியில் ஓடும் பேஸ் ஒன்று. பேஸை செல்லோவும் (வயலின் குடும்பத்தின் பெரிய, கனத்த குரல் வாத்தியம்) ஹார்ப்சிகார்டின் இடது கையும் சேர்ந்து வாசிக்கும், வலது கை இடையை நிரப்பும். மன்னரின் மெட்டு மூன்று சுரம் ஏறி, இன்னும் ஒரு படி எட்டித் தொட்டு, சட்டென்று பள்ளத்தில் குதித்து, பிறகு அரைச்சுரம் அரைச்சுரமாக வழுக்கி இறங்கும். இரண்டாம் பகுதியில் மேலே குழலும் வயலினும் ஓடிப் பிடித்து விளையாடும்போது, அடியில் பேஸ் அந்த மெட்டை நீட்டி நீட்டி வாசிக்கும். முதல்முறை கேட்பவர்கள் மேலே உள்ள ஓட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதைத் தவறவிடுவார்கள். நடுவில் குழலைக் காணோமே என்று தோன்றினால், வயலினுக்குக் கீழே போயிருக்கிறது என்று பொருள். பாக் இரண்டுக்கும் ஒரே மரியாதைதான் வைத்திருக்கிறார். ஒன்று சொன்னதை மற்றது வாங்கிச் சொல்லும், யார் மேலே யார் கீழே என்பது மாறிக்கொண்டே இருக்கும். மூன்றாம் பகுதியில் இரண்டிரண்டு சுரமாகப் பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு வடிவம் வரும். அதே சொற்றொடர் ஒரு முறை உரக்க, ஒரு முறை தணிந்து. அங்கே இருவரும் ஒரே நேரத்தில் தணிகிறார்களா என்று பாருங்கள். ஒத்திகையில் எங்களுக்கு அதிக நேரம் பிடிக்கும் இடம் அது.

எப்படி ஒரே நேரத்தில் தணிகிறார்கள், கையசைக்க ஒருவரும் இல்லாமல்? மூச்சால்தான். தொடங்குவதற்கு முன் குழல் வாசிப்பவர் மூச்சு இழுப்பதைக் கவனியுங்கள். எவ்வளவு வேகமாக இழுக்கிறாரோ அதுதான் வரப்போகும் வேகம், எவ்வளவு ஆழமாக இழுக்கிறாரோ அதுதான் வரப்போகும் சொற்றொடரின் நீளம். தந்தி வாசிப்பவர்களுக்கு மூச்சு தேவையில்லை என்றாலும் அவர்களும் சேர்ந்து இழுப்பார்கள். தொடக்கத்தில் நான் தலையை ஆட்டி ஆட்டிச் சைகை செய்துகொண்டிருந்தேன். எங்கள் செல்லோக்காரர் ஒரு நாள், “தலையை ஆட்டாதே, உன் தலையை யாரும் பார்ப்பதில்லை, மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்” என்றார். அன்றிலிருந்து விட்டுவிட்டேன்.

குழலில் மூச்சு என்பது வெறும் சைகையும் அல்ல. ஓபோ வாசிப்பவருக்குக் காற்று மிஞ்சும், எங்களுக்குத் தீரும். ஊதுகிற காற்றில் ஒரு பங்கு துளைக்குள் போகாமல் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விடுகிறது. தடுத்து நிறுத்த நாணல் ஏதும் கிடையாது. வயலின்காரர் வில்லைத் திருப்பினால் போதும், சுரம் தொடரும். நாங்கள் எங்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும், அந்த நிறுத்தம் பேச்சில் கால்புள்ளி விழும் இடத்தில் விழ வேண்டும்.

இதைச் சொன்னது மோட்ஸார்ட்டின் அந்த ஓர் இடத்துக்கு வருவதற்காகத்தான். குவார்ட்டெட் என்றால் இங்கே குழல், வயலின், வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), செல்லோ. முதல் பகுதியில் குழல்தான் அதிகம் பேசும், ஆனால் வயலின் இடைமறித்துப் பேச்சைப் பிடுங்கிக்கொள்ளும். வியோலாவும் செல்லோவும் சும்மா தலையாட்டுவதில்லை. பிறகு இரண்டாம் பகுதி, அடாஜியோ என்ற மெதுவான பகுதி, பி மைனரில். மொத்தமே 35 பார் (தாளக் கட்டம்). தந்தி வாசிக்கும் மூவரும் வில்லை ஒதுக்கிவிட்டு விரலால் சுண்டத் தொடங்குவார்கள், பிட்ஸிகாட்டோ என்பார்கள். சுண்டிய ஒலி பிறந்த உடனே செத்துவிடும். ஆக, மேடையில் நீண்டு நிற்கும் சுரம் குழலுடையது மட்டுமே. மற்ற மூன்றும் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்க, நடுவில் ஒரே ஒரு நூல் அறுபடாமல் போகும். நான் சொன்ன அந்த இடம் இதுதான், இங்கே குழல் நிஜமாகவே தனியாக நிற்கிறது. இதை நான் முதன்முதலில் மேடையில் வாசித்தபோது நீண்ட சொற்றொடர் ஒன்றின் நடுவில் காற்று தீர்ந்துவிட்டது. சொல்லின் பாதியில், இழுக்கக் கூடாத இடத்தில் இழுத்தேன். வில் போட்டு வாசிக்கும் இடமாக இருந்தால் மற்ற மூவரின் ஒலியில் அது மறைந்திருக்கும். சுண்டல்களுக்கு இடையில் மறைய எதுவும் இல்லை. என் மூச்சு கடைசி வரிசை வரை கேட்டதாக இடைவேளையில் சொன்னார்கள். வேண்டாவெறுப்பாக எழுதுபவர் இவ்வளவு துல்லியமாக ஒரு வாத்தியத்தை அம்பலத்தில் நிறுத்த மாட்டார். அதன் குரலையும் அதன் பலவீனத்தையும் சேர்த்துத் தெரிந்தவர்தான் இப்படி நிறுத்துவார்.

அந்த அடாஜியோவுக்கு முடிவு கிடையாது. கேள்வி கேட்டுவிட்டு நிறுத்தியது போல ஒரு கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களில்) தொங்கும், அடுத்த நொடி கடைசிப் பகுதியான ரோண்டோ டி மேஜரில் துள்ளிக்கொண்டு கிளம்பிவிடும். அந்தத் தொங்கலில் மூவரும் வில்லைச் சத்தமில்லாமல் கைக்குள் திருப்பிக்கொள்வதைப் பாருங்கள். ஆக, கைதட்டுவது பற்றிய உங்கள் கவலை இங்கே இல்லை. தட்ட இடமே கிடைக்காது. மற்றபடி வழக்கம் இதுதான்: பகுதிகளுக்கு இடையில் தட்டுவதில்லை, உருப்படி முழுதும் முடிந்து வாசிப்பவர்கள் கையைக் கீழே இறக்கிய பிறகு தட்டுவது. மோட்ஸார்ட் இருந்திருந்தால் இந்த வழக்கத்தைக் கண்டு திகைத்திருப்பார். 1778 ஜூலை 3 அன்று பாரிஸிலிருந்து எழுதிய கடிதத்தில், தன் சிம்ஃபொனியின் முதல் பகுதி நடுவிலேயே இந்த இடம் பிடிக்கும் என்று தெரிந்து எழுதினேன், எதிர்பார்த்தபடியே அவை கைதட்டியது என்று பெருமையாகச் சொல்கிறார். அசையாமல் உட்கார்ந்து கேட்பது அவருக்குப் பின்னால் வந்த பழக்கம். தவறுதலாக இடையில் தட்டிவிட்டால் குடி முழுகிப்போகாது. மேடையில் இருக்கிற எங்களுக்கு அது எரிச்சல் தருவதில்லை, குறைந்தபட்சம் எனக்குத் தருவதில்லை.

இடைவேளைக்குப் பிறகு டெபுஸி. குழல், வியோலா, ஹார்ப் என்று மூவர். 1915இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, புற்றுநோயோடு இருந்த மனிதர் எழுதியது. ஆறு சொனாட்டாக்கள் எழுதத் திட்டமிட்டு மூன்றை முடித்தார், இது இரண்டாவது. 1918 மார்ச்சில் இறந்துபோனார். முதலில் வியோலாவின் இடத்தில் ஓபோவை வைக்க நினைத்திருந்தார். மாற்றியது நல்லதாகப் போயிற்று என்பது என் கட்சி. ஓபோவும் குழலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யார் யார் என்று தெளிவாகத் தெரியும்; வியோலாவும் குழலும் நின்றால் சில நேரம் தெரியாது. அந்தத் தெரியாமைதான் இந்த உருப்படியின் உயிர். தொடக்கத்திலேயே குழல் தேய்ந்துபோக விடும் சுரத்தை வியோலா வாங்கிக்கொள்ளும் இடம் ஒன்று வரும். நன்றாக வாசித்தால் எப்போது கைமாறியது என்று சொல்ல முடியாது. எனக்கு இருபது முறையில் நான்கைந்து முறை சரியாக அமைந்திருக்கும். காரணம் இருக்கிறது: மெதுவாக ஊதினால் குழலின் சுருதி இறங்கும், உரக்க ஊதினால் ஏறும், உதட்டால் ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு அரங்கு சூடாகச் சூடாகக் குழலுக்குள் இருக்கும் காற்றில் ஒலியின் வேகம் கூடிச் சுருதி ஏறும், தந்திகளோ சூட்டில் தளர்ந்து இறங்கும். ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு எதிரெதிர்த் திசையில் நகரும் இரண்டு வாத்தியங்களை ஒரே சுரத்தில் கைகுலுக்கச் சொல்லியிருக்கிறார் டெபுஸி.

இங்கே மெட்டைத் தேடாதீர்கள். பாக்கில் மெட்டைப் பின்தொடரலாம், மோட்ஸார்ட்டில் பேச்சைப் பின்தொடரலாம், இதில் ஒலி எங்கிருந்து எங்கே போகிறது என்பதை மட்டும் பாருங்கள்: சுண்டியவுடன் மங்கும் ஹார்ப், இழைந்து நிற்கும் வியோலா, இரண்டுக்கும் நடுவில் குழல். இது சோகமா சிரிப்பா என்று குழம்பினால் நல்ல துணை உண்டு. இதற்கு அழுவதா சிரிப்பதா, இரண்டுமா என்று தனக்கே தெரியவில்லை என்று டெபுஸியே நண்பருக்கு எழுதியிருக்கிறார். மூன்றாம் பகுதி எனக்கு இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை. வேகமும் அதட்டலுமாகப் போகும், வாசிக்கும்போதே ஏன் இவ்வளவு அவசரம் என்று தோன்றும். ஆனால் முடியப்போகும் நேரத்தில் முதல் பகுதியின் தொடக்கம் ஒரு கணம் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும், அதற்காக மன்னித்துவிடுகிறேன்.

எங்கே உட்காருவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குழல் வாசிப்பவர் பெரும்பாலும் உங்களுக்கு இடப்பக்க ஓரத்தில், உள்ளே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். குழலின் முனை உங்களை நோக்கி இருக்கும். நடுவிலிருந்து சற்று வலப்பக்கமாக உட்கார்ந்தால் அவர் முகமும் உதடும் தெரியும், மூச்சும் தெரியும். இடைவேளை முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே உள்ளே வந்துவிடுங்கள். மேடையில் ஹார்ப்காரர் மட்டும் தனியாக உட்கார்ந்து சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார். 47 தந்திகள்; சிவப்பாகத் தெரிபவை எல்லாம் சி, கறுப்பாகத் தெரிபவை எஃப். அடியில் ஏழு பெடல், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. யாரும் கவனிக்காத அந்த நேரத்தில் ஒவ்வொரு தந்தியாகத் தொட்டு, காதைச் சாய்த்து, சாவியை ஒரு மயிரிழை திருப்புவார்.